மருந்து கேட்காத களையும் அன்றைய வெப்பமும்

கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாமர் அமராந்த் என்ற களையை மூன்று வளர்ப்பறைகளில் வளர்த்து, மீசோட்ரயோன் என்ற களைக்கொல்லியைத் தெளித்துப் பார்த்தார்கள். பகலில் 25, இரவில் 15 டிகிரி செல்சியஸ் வைத்திருந்த அறையில், பாதிச் செடிகள் சாக எக்டேருக்கு 18.5 கிராம் மருந்து போதுமானதாக இருந்தது. பகல் 32.5, இரவு 22.5 டிகிரி இருந்த அறையில் அதே வேலைக்கு 52.3 கிராம் தேவைப்பட்டது. பகல் 40, இரவு 30 டிகிரி அறையில் 63.7 கிராம். களையும் அதுதான், மருந்தும் அதுதான். வெப்பம் மட்டும்தான் வேறு. குளிர்ந்த அறைக்கும் சூடான அறைக்கும் இடையே தேவைப்பட்ட அளவு மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

2015-இல் வெளியான இந்த முடிவை வேளாண்மையோடு தொடர்புள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். களை மருந்து அடித்தும் புல் சாகாமல் நின்றால் “மருந்து கேட்கவில்லை” என்று உழவர் சொல்வார். மருந்தில் கலப்படம் என்று கடைக்காரர் மேல் சந்தேகம் வரும், அல்லது களை எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்று முடிவு கட்டப்படும். அடித்த நாளில் வெப்பம் எவ்வளவு, அடுத்த இரண்டு இரவுகள் எப்படி இருந்தன என்று யாரும் கேட்பதில்லை. எதிர்ப்புத்திறனை செடியின் நிலையான குணமாக எண்ணி, ‘இத்தனை மடங்கு’ என்று ஒரு எண்ணைக் கொடுத்துப் பழகிவிட்டோம். அந்த எண் வெப்பத்தோடு ஏறி இறங்குகிறது என்பதைக் கடந்த 15, 20 ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாமல் ஒரு களையை எதிர்ப்புத்திறன் உள்ளது என்று சொல்வது பாதிச் செய்திதான்.

பாமர் அமராந்த் நமக்கு முற்றிலும் அந்நியமான செடி அல்ல. நாம் கடைந்து உண்ணும் முளைக்கீரை, தண்டுக்கீரை, வேலியோரம் தானாக முளைக்கும் குப்பைக்கீரை எல்லாம் அதே அமராந்தஸ் பேரினம்தான். தென்மேற்கு அமெரிக்காவின் பாலை நிலம் இதன் பூர்விகம். அங்கிருந்த பழங்குடிகள் இதன் இலையையும் விதையையும் உணவாக்கிக்கொண்டார்கள். பாலைக்குப் பழகிய உடம்பு என்பதால், 40 டிகிரிக்கு மேலும் இதன் ஒளிச்சேர்க்கை தளர்வதில்லை. ஆண், பெண் செடிகள் தனித்தனி. நல்ல இடம் கிடைத்த ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும். ஜார்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத பாமர் அமராந்த் பெருகியபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட கைக்களை எடுப்பு அங்கே திரும்ப வந்தது. அந்தச் செடிகளில் கிளைபோசேட் தாக்க வேண்டிய நொதிக்கான மரபணு ஒன்றுக்குப் பதிலாகப் பல பிரதிகளாக, சிலவற்றில் 160-க்கும் மேலாக, பெருகியிருப்பதை 2010-இல் கண்டார்கள். மருந்து ஓரளவு நொதியை முடக்கினாலும், மிச்சமுள்ள நொதி செடியைக் காப்பாற்றிவிடும்.

மீசோட்ரயோனின் கதை வேறு. நம் ஊர்ப் பூங்காக்களில் சிவப்புப் பூக்களோடு நிற்கும் பாட்டில்பிரஷ் மரத்தின் அடியில் களைகள் குறைவாகவே முளைப்பதை 1977-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வாளர் கவனித்தார். அந்த மரம் சுரக்கும் ஒரு வேதிப்பொருளிலிருந்து தொடங்கிய தேடல்தான் இந்த மருந்தில் முடிந்தது. எச்.பி.பி.டி என்ற நொதியை இது தடுக்கிறது. அந்த நொதி இல்லையென்றால் இலையின் பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் நிறமிகள் உருவாகாது. பச்சை வெளுத்து, குருத்து வெள்ளையாகி, செடி காய்ந்துபோகும். மக்காச்சோளமோ பிழைத்துக்கொள்கிறது. மருந்து உள்ளே போனதும் அதை வேகமாகச் சிதைத்துவிடும் நொதிகள் அதனிடம் இருக்கின்றன. பி-450 என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் இந்த வேலையைச் செய்கின்றன.

களையிடமும் அதே குடும்பத்து நொதிகள் உண்டு, வேகம்தான் குறைவு. வெப்பம் அந்த வேகத்தைக் கூட்டுகிறது. கான்சாஸ் ஆய்வில் கதிரியக்க கார்பன் ஏற்றிய மருந்தைக் கொடுத்து அது செடிக்குள் என்ன ஆகிறது என்று பின்தொடர்ந்தார்கள். உள்ளே போன மருந்தில் பாதி சிதைய, குளிர்ந்த அறையில் 21 மணி நேரம் ஆனது. நடுத்தர அறையில் 16.5 மணி நேரம், சூடான அறையில் 13 மணி நேரம். சூடான அறையில் குருத்துப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்த மருந்தின் பங்கும் குறைவாக இருந்தது. மூன்றாவதாக ஒன்றையும் கண்டார்கள். தெளித்த 48 மணி நேரத்தில், மருந்து தாக்கும் அந்த எச்.பி.பி.டி நொதிக்கான மரபணுவின் செயல்பாடு, தெளிக்காத செடியைவிடக் குளிர்ந்த அறையில் 3.1 மடங்கும் நடுத்தர அறையில் 3.5 மடங்கும் கூடியிருந்தது. சூடான அறையில் 18.4 மடங்கு கூடியிருந்தது. ஒரு பக்கம் மருந்து சீக்கிரம் அழிகிறது, மறுபக்கம் மருந்து முடக்க வேண்டிய நொதி பெருகுகிறது. வெளுத்த இலைகளுக்கு நடுவே பச்சைக் குருத்து மீண்டும் தலைகாட்டுவதன் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. மருந்துக்கு அடங்கும் சாதாரணச் செடிகூட வெப்பத்தில் எதிர்ப்புத்திறன் உள்ள செடியைப் போல நடந்துகொள்ள முடிகிறது. மீசோட்ரயோனின் வழக்கமான அளவு எக்டேருக்கு 105 கிராம். 18.5 கிராமில் பாதி சாகும் செடிக்கு அது ஐந்து மடங்குக்கு மேல். 63.7 கிராம் கேட்கும் செடிக்கு இரண்டு மடங்குகூட இல்லை. வயலில் தெளிப்பு சீராக விழாத இடம், இலை மறைவில் நிற்கும் செடி, சற்று உயரமாகிவிட்ட செடி எல்லாம் அந்த இடைவெளியில் தப்பிக்கும்.

குளிரில் தோற்கும் எதிர்ப்பு

வெப்பத்தால் எதிர்ப்பு கூடுகிறது என்றால், குளிரால் அதை இல்லாமல் செய்ய முடியுமா? ஹார்ஸ்வீட் என்ற களை இதற்கு மிகத் தெளிவான பதிலைத் தந்தது.

ஹார்ஸ்வீட் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, மேர்ஸ்டெயில் என்றும் அமெரிக்க உழவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலம் முழுதும் தரையோடு ஒட்டிய இலைவட்டமாகக் கிடந்து, வசந்தத்தில் தண்டு நீட்டி நிமிரும். விதைகள் பஞ்சு முளைத்தவை, மிக லேசானவை. தரையிலிருந்து வெகு உயரத்தில் பறக்கும் கருவிகளில்கூட இவை சிக்கியிருக்கின்றன. 1996-இல் கிளைபோசேட்டைத் தாங்கும் சோயா சந்தைக்கு வந்த பிறகு, உழாமல் விதைத்து, களைக்கு ஒரே மருந்தை மட்டும் நம்பும் முறை வேகமாகப் பரவியது. 2000-இல் டெலவேர் மாநிலத்தில், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிளைபோசேட் மட்டும் அடித்த சோயா வயல்களில் ஹார்ஸ்வீட் சாகாமல் நின்றது. சாதாரணச் செடியைவிட 8 முதல் 13 மடங்கு மருந்தை அது தாங்கியது.

எப்படித் தாங்குகிறது என்பது பத்து ஆண்டுகள் புதிராகவே இருந்தது. கிளைபோசேட் இலைக்குள் போனதும், இலை தயாரிக்கும் சர்க்கரையோடு சேர்ந்து ஃபுளோயக் குழாய்கள் வழியாகக் குருத்துக்கும் வேருக்கும் போகிறது. அங்கே புரதம் கட்டத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்யும் நொதியை முடக்குகிறது. எதிர்ப்புத்திறன் உள்ள ஹார்ஸ்வீட்டில் மருந்து இலைக்குள் போகிறது, ஆனால் அங்கிருந்து நகர்வதில்லை. நொதியும் மாறவில்லை, மருந்தும் சிதையவில்லை. அப்படியென்றால் மருந்து எங்கே இருக்கிறது?

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வேதியியலாளர்களும் மான்சான்டோ நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து இதைத் தேடிய விதம் அழகானது. கிளைபோசேட்டில் ஒரு பாஸ்பரஸ் அணு இருக்கிறது. வலிமையான காந்தப்புலத்தில் அந்த அணு தரும் சமிக்ஞை, சுற்றியுள்ள நீர் எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சற்றே இடம் மாறும். தாவர உயிரணுவின் சைட்டோபிளாசம் ஏறக்குறைய நடுநிலையானது. நடுவில் உள்ள பெரிய நீர்ப்பை, அதாவது நுண்குமிழ், அமிலத் தன்மை கொண்டது. எனவே உயிருள்ள இலைத்திசுவை அந்தக் கருவிக்குள் வைத்தால், சைட்டோபிளாசத்தில் இருக்கும் கிளைபோசேட் ஓரிடத்திலும் நுண்குமிழுக்குள் இருப்பது வேறோர் இடத்திலும் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். செடியை அறுக்காமல், அரைக்காமல், மருந்து எந்த அறைக்குள் நுழைகிறது என்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

2010-இல் வெளியான அந்த ஆய்வில் விடை கிடைத்தது. எதிர்ப்புத்திறன் உள்ள செடியில், தெளித்த ஒரு நாளுக்குள் கிளைபோசேட்டின் பெரும்பகுதி நுண்குமிழுக்குள் போய்விடுகிறது. சாதாரணச் செடியில் அப்படி நடப்பதில்லை. வீட்டில் வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றிவிடுவதுபோல, செடி விஷத்தை ஒதுக்கி வைத்துவிடுகிறது. அங்கே போன மருந்து நொதியையும் எட்டாது, குருத்துக்கும் போகாது.

நுண்குமிழின் சவ்வில் இருக்கும் ஏதோ ஒரு புரதம் மருந்தை உள்ளே தள்ள வேண்டும், அதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றல் செலவழித்து நடக்கும் எந்த வேலையும் குளிரில் மந்தமாகும். 2011-இல் அதே குழு இதைச் சோதித்தது. வெப்பத்தைக் குறைத்தபோது, மருந்து உயிரணுவுக்குள் நுழைவது அவ்வளவாகக் குறையவில்லை. நுண்குமிழுக்குள் போவது மட்டும் வெகுவாக அடங்கியது. குளிருக்குப் பழக்கி, குளிரிலேயே தெளித்து, குளிரிலேயே வைத்திருந்த எதிர்ப்புத்திறன் உள்ள ஹார்ஸ்வீட், கிளைபோசேட்டுக்கு மீண்டும் செத்தது. மரபணு அப்படியே இருந்தது, அது செய்யும் வேலை மட்டும் நின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாமர் அமராந்தில் வெப்பம் சாதாரணச் செடியின் தாங்கும் திறனையே கூட்டியது. ஹார்ஸ்வீட்டில் குளிர், எதிர்ப்புத்திறன் உள்ள செடிக்கும் இல்லாத செடிக்கும் இடையே இருந்த வித்தியாசத்தையே அழித்தது. முதலாவது, மருந்து அந்தக் காலநிலையில் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கேள்வி. இரண்டாவது, எதிர்ப்பு எந்த முறையில் நடக்கிறது என்ற கேள்வி. பல கட்டுரைகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகின்றன. இரண்டாவது கேள்வியில்தான் அறிவியலுக்கு அதிகப் பலன் உண்டு என்பது என் கருத்து. ஏனென்றால் வெப்பமானியை வைத்தே எதிர்ப்பின் வகையை ஓரளவு ஊகிக்க முடியும். நொதியின் வடிவம் மரபணு மாற்றத்தால் மாறி, மருந்து அதில் ஒட்டவே முடியாமல் போயிருந்தால், வெயிலும் குளிரும் அதை அதிகம் அசைக்கக் காரணமில்லை. மருந்தை ஒதுக்கி வைப்பதும் சிதைப்பதும் உயிருள்ள செடி இடைவிடாமல் செய்துகொண்டிருக்க வேண்டிய வேலைகள். அவைதான் வெப்பத்தோடு கூடிக் குறைகின்றன.

ஹார்ஸ்வீட்டுக்குப் பிறகு இதே போக்கு வேறு களைகளிலும் தெரிந்தது. அர்ஜென்டினாவில் கிளைபோசேட்டுக்கு அடங்காத ஜான்சன் புல் பரவியிருந்தது. அது நம் சோளத்தின் உறவு. மருந்து குருத்துக்குப் போகாமல் இலையிலேயே நிற்பது அதன் எதிர்ப்பு முறை. ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்களில் ரைப்புல்லும் அப்படித்தான். இரண்டிலும், வளர்ச்சிக்கு ஏற்ற வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் எதிர்ப்புத்திறன் குறைந்ததை 2013-இல் காட்டினார்கள். 2016-இல் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்த இன்னொரு ஆய்வு எக்கினோகுளோவா கொலோனா என்ற புல்லைப் பற்றியது. கிளைபோசேட்டைத் தாங்கும் அந்தப் புல்லின் எதிர்ப்பு 20 டிகிரியைவிட 30 டிகிரியில் அதிகமாக இருந்தது. அதே இனப் புல்லில் மருந்தை உயிரணுவுக்கு வெளியே தள்ளும் ஒரு சவ்வுப் புரதத்தை 2021-இல் கண்டுபிடித்தார்கள். ஒதுக்கும் இடம் வேறு, ஆனால் அதுவும் ஆற்றல் செலவழித்துச் செய்யும் வேலைதான்.

எதிர்த்திசையில் போகும் களைகள்

இதுவரை சொன்னதை வைத்து, குளிரில் அடித்தால் போதும் என்று ஒரு விதி எழுதிவிட முடியாது. நெப்ராஸ்காவில் கிளைபோசேட்டுக்கு அடங்காத ராக்வீட் களைகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு நேர் எதிரான முடிவைத் தந்தது. பகல் 20, இரவு 11 டிகிரியைவிட, பகல் 29, இரவு 17 டிகிரியில் கிளைபோசேட்டும் 2,4-டி என்ற மருந்தும் நன்றாக வேலை செய்தன. வெதுவெதுப்பில் மருந்து அதிகம் உறிஞ்சப்பட்டது, செடிக்குள் அதிகம் நகர்ந்தது.

மீசோட்ரயோனிலேயே இந்த முரண்பாட்டைப் பார்க்கலாம். இல்லினாயில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 டிகிரியையும் 32 டிகிரியையும் ஒப்பிட்டார்கள். பாமர் அமராந்தின் நெருங்கிய உறவான வாட்டர்ஹெம்ப் களை குளிரில்தான் எளிதாகச் செத்தது. நம் துத்தியின் உறவான வெல்வெட்லீஃப் வெப்பத்தில்தான் எளிதாகச் செத்தது. ஒரே மருந்து, ஒரே வயலில் நிற்கும் இரண்டு களைகள், எதிரெதிர் விருப்பம்.

குளிர் ஓர் எல்லைக்குக் கீழே போனாலும் மருந்துக்குக் கேடுதான். காட்டு முள்ளங்கியில் குளூபோசினேட் என்ற மருந்து குறைந்த வெப்பத்தில் செடிக்குள் நகராமல் பலன் இழந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினார்கள். அடிலெய்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2016-இல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. கிளெத்தோடிம் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற ரைப்புல்லில், உறைபனி விழும் இரவுகள் அந்த மருந்தின் பலனை மேலும் குறைத்தன. அங்கே குளிர்காலத்தில்தான் பயிர் வளர்கிறது, மருந்து அடிக்கும் காலமும் அதுதான். உறைபனி இல்லாத சில நாட்களைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர உழவருக்கு வழியில்லை.

காரணத்தைத் தேடினால், மருந்து கடந்து போகும் ஒவ்வொரு படியையும் வெப்பம் வெவ்வேறு விதமாகத் தொடுகிறது என்பது தெரியும். வெதுவெதுப்பில் இலையின் மெழுகு இளகி மருந்து நுழைய உதவும். கடும் வெப்பத்தில் துளி இலை மேலேயே காய்ந்து மருந்து உப்பாகப் படிந்துவிடும். வெயிலில் வளர்ந்த செடி தடித்த மெழுகைப் போர்த்திக்கொள்ளும். ஒளிச்சேர்க்கை நன்றாக நடந்தால் சர்க்கரையோடு மருந்தும் ஓடும். அதே வெப்பத்தில் சிதைக்கும் நொதிகளும் வேகம் பிடிக்கும். கோக்கியா என்ற களையில் இது தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. கான்சாஸில் 2018-இல் வெளியான ஆய்வின்படி, அதிக வெப்பத்தில் கிளைபோசேட் கோக்கியாவுக்குள் நுழைவதே குறைந்தது. டைகாம்பா என்ற மருந்துக்கு நுழைவது தடையாக இல்லை, உள்ளே நகர்வதுதான் குறைந்தது. இரண்டிலும் களை தப்பியது, ஆனால் வேறு வேறு படியில் தப்பியது. ஆக, ஒவ்வொரு களை, மருந்து இணைக்கும் தனித்தனியாக அளந்துதான் சொல்ல வேண்டும்.

வளர்ப்பறை முடிவுகளை அப்படியே வயலுக்குக் கொண்டுவருவதிலும் எச்சரிக்கை வேண்டும். அறைக்குள் ஈரப்பதத்தையும் வெளிச்சத்தையும் மாற்றாமல் வெப்பத்தை மட்டும் மாற்ற முடியும். வயலில் வெப்பம் தனியாக வருவதில்லை. வறட்சியும் காற்றும் புழுதியும் சேர்ந்தே வரும். நண்பகலைத் தவிர்த்து விடியலில் தெளித்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. வெல்வெட்லீஃப் போன்ற செடிகள் இரவில் இலையைத் தொங்கவிட்டிருக்கும், அப்போது துளி விழும் பரப்பு குறைவு. தெளித்த நொடியின் வெப்பம் மட்டும் கணக்கில் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். செடி எந்த வெப்பத்தில் வளர்ந்து வந்தது, தெளித்த பிறகு இரண்டு நாட்கள் எப்படி இருந்தது என்பதும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. 13 மணி நேரத்தில் பாதி மருந்தைச் சிதைக்கும் செடிக்கு, வெப்பம் தணியாத ஓர் இரவு பெரிய உதவி.

பிழைத்தவை விட்டுச்செல்லும் விதை

இதை ஒரு பருவத்து இழப்பாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மருந்து பலமிழந்த நாளில் அரைகுறையாகப் பிழைத்த செடிகள் பூத்து விதைக்கும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் வெளியான ஆய்வில், எதிர்ப்புத்திறன் இல்லாத ரைப்புல்லுக்கு டைக்லோஃபாப் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து, பிழைத்தவற்றைத் தங்களுக்குள் கலக்கவிட்டு, அடுத்த தலைமுறைக்கும் அப்படியே செய்தார்கள். மூன்று தலைமுறைக்குள் வயலில் அடிக்கும் முழு அளவையும் தாங்கும் புல் உருவாகிவிட்டது. ஒவ்வொரு செடியிலும் சிறிதளவு இருந்த தாங்கும் திறன்கள் மகரந்தத்தின் வழியே ஒன்று சேர்ந்தன. பாமர் அமராந்தையும் டைகாம்பாவையும் வைத்து ஆர்கன்சாஸில் நடந்து 2017-இல் வெளியான ஆய்விலும் இதே போக்கு காணப்பட்டது.

அந்த ஆய்வுகளில் மருந்தின் அளவைக் குறைத்தது மனிதர்கள். வெப்பம் அதே வேலையை யாருக்கும் தெரியாமல் செய்துவிடும். உழவர் தெளிப்பானில் முழு அளவுதான் கலந்திருப்பார். 40 டிகிரி வெயிலில் செடிக்குள் அது அரை அளவாகவும் கால் அளவாகவும் ஆகிவிடும். அந்த வயலில் குறைந்த அளவுத் தேர்வு நடந்திருப்பது உழவருக்கும் தெரியாது, பரிந்துரை செய்தவருக்கும் தெரியாது. புவி வெப்பமாதலைப் பற்றிய கவலை களைகள் விஷயத்தில் இங்கேதான் கூர்மையாகிறது. இஸ்ரேலில் பிராக்கிபோடியம் என்ற புல்லையும் பினாக்சடென் மருந்தையும் வைத்து 2016-இல் வெளியான ஆய்வு இதை முன்வைத்தது. குளிரில் அடங்கிய புல் வெப்பத்தில் மருந்தை வேகமாகச் சிதைத்துப் பிழைத்தது. வெப்பத்தையும் காற்றின் கரியமில வாயுவையும் ஒருசேரக் கூட்டியபோது, ஹார்ஸ்வீட்டும் லாம்ப்ஸ்குவார்ட்டர்ஸ் என்ற களையும் கிளைபோசேட்டுக்கு முன்பைவிடக் குறைவாகவே அடங்கின என்று 2019-இல் எழுதினார்கள்.

கான்சாஸில் 2021-இல் விவரிக்கப்பட்ட ஒரு பாமர் அமராந்த் கூட்டத்தை நினைத்தால் இந்தக் கவலை கூடுகிறது. வெவ்வேறு வழிகளில் கொல்லும் ஆறு வகை மருந்துகளையும் அது தாங்கியது. அந்த எதிர்ப்பில் பெரும்பங்கு மருந்தைச் சிதைக்கும் திறனால் வந்தது. வெப்பம் ஊக்குவிக்கக்கூடிய வகை எதிர்ப்பு அது.

வெப்ப நாளில் அளவைக் கூட்டி அடித்துச் சமாளிக்கலாமே என்ற யோசனைக்கும் டைகாம்பா பதில் சொல்லிவிட்டது. கிளைபோசேட் தோற்ற வயல்களுக்காகவே டைகாம்பாவைத் தாங்கும் சோயாவும் பருத்தியும் கொண்டுவரப்பட்டன. டைகாம்பா வெப்பத்தில் ஆவியாகிப் பக்கத்து வயலுக்குப் போகும். 2017-இல் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய 36 லட்சம் ஏக்கர் சோயா இதனால் பாதிக்கப்பட்டது என்று மிசௌரி பல்கலைக்கழகக் களை அறிவியலாளர் கெவின் பிராட்லி கணக்கிட்டார். அடுத்த ஆண்டே மின்னசோட்டா மாநிலம் 85 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸுக்கு மேல், இந்த மருந்தை அடிக்கத் தடை விதித்தது. 2020-லும் 2024-லும் நீதிமன்றங்கள் அந்தப் பயிர்களின் மேல் டைகாம்பா தெளிக்கத் தந்த அனுமதியையே ரத்து செய்தன. களை வலுவாக நிற்கும் அதே வெப்பத்தில்தான் மருந்து அண்டை உழவரின் பயிருக்கு எமனாகிறது. அளவைக் கூட்டினால் இந்தக் கேடுதான் கூடும்.

நம் நிலத்துக்கு இதில் என்ன தொடர்பு? எக்கினோகுளோவா கொலோனா நம் நெல் வயல்களிலும் மானாவாரிக் கொல்லைகளிலும் காலங்காலமாக நிற்கும் புல். நாம் சோறாக்கி உண்ணும் குதிரைவாலித் தானியம் இந்தப் புல்லிலிருந்துதான் வளர்த்தெடுக்கப்பட்டது. நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும் நெல்லில் இது பெரிய தலைவலி. நேரடி விதைப்பு கூடக் கூடக் களை மருந்தை நம்புவதும் கூடுகிறது. கான்சாஸ் ஆய்வறையில் ‘அதிக வெப்பம்’ என்று வைத்த 40 டிகிரிப் பகல், வேலூரிலும் கரூரிலும் சித்திரை, வைகாசியில் வழக்கமாக வருவதுதான். வடக்கே, ஹரியானாவிலும் பஞ்சாபிலும் கோதுமையை வாட்டிய ஃபலாரிஸ் மைனர் என்ற புல் 1990-களில் ஐசோபுரோட்டுரான் மருந்தை வென்றது. அதுவும் மருந்தைச் சிதைக்கும் வகை எதிர்ப்புதான். கிளைபோசேட் அடிக்கும் உரிமையை 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. யார் அடிக்கலாம் என்பதைப் பற்றிப் பேசும் நாம், எந்த வெப்பத்தில் அடித்தால் எவ்வளவு கேட்கும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். குளிர்நாட்டு ஆய்வில் கிடைத்த அளவை நம் கோடைக்கு அப்படியே எடுத்துக்கொள்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நம் வேளாண் பல்கலைக்கழகங்களின் களைக்கொல்லிச் சோதனை அட்டவணை ஒவ்வொன்றிலும் தெளித்த நேரத்து வெப்பமும் அடுத்த இரண்டு பகல், இரண்டு இரவுகளின் வெப்பமும் இடம்பெற வேண்டும். எதிர்ப்புத்திறன் சோதனைக்காக விதை சேகரித்து முளைக்கவைக்கும்போது, ஒன்றல்ல, குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் அளக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, கணக்கெழுதும் பழக்கம்தான் வேண்டும்.

வெப்பத்தால் பலமிழக்காத வழிகளும் இருக்கின்றன, அவற்றுக்கு மருந்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் சோயாவுக்கு முன் ரை என்ற தானியப் பயிரை மூடுபயிராக விதைத்த வயல்களில், ஹார்ஸ்வீட் முளைப்பதும் முளைத்தது பெருப்பதும் குறைகின்றன. மருந்துக்கு மிஞ்சிய செடிகள் எண்ணிக்கையில் குறைவாகவும் சிறியதாகவும் இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலிய உழவர் ரே ஹாரிங்டன், அறுவடை இயந்திரத்தின் பின்னால் வெளியேறும் பதரை ஆலையில் விட்டு அரைத்து, அதிலுள்ள களை விதையை முளைக்கவிடாமல் நசுக்கும் கருவியை உருவாக்கினார். மருந்து தெளித்த நாளில் என்ன வெப்பம் இருந்திருந்தாலும், பிழைத்து விதை பிடித்த ரைப்புல் அந்த ஆலையைத் தாண்டி மண்ணுக்குத் திரும்புவது அரிது. ஆஸ்திரேலியாவில் இப்போது பல நிறுவனங்கள் அந்த வகைக் கருவியை அறுவடை இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தி விற்கின்றன.